கஞ்சி போட்ட வாணம்

இப்போதெல்லாம் செய்தித்தாளைத் திறந்தால் ராக்கெட்தான். எந்த நாட்டுக்காரன் எதை எவ்வளவு உயரம் அனுப்பினான், அதற்குள் என்ன எரிபொருள் அடைத்தான் என்று சலூனில்கூடப் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்தால் நான் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொள்வேன். உடனே என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். அடுத்து நான் என்ன சொல்வேன் என்பது அவளுக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் ராக்கெட்டுக்கு மருந்து போட்டவன் என்று சொல்வேன்.

அது பொய்யில்லை. புதுச்சேரியில், அவளுடைய அண்ணனின் வாணக் கொட்டகையில் போட்டேன். அதற்குப் பிறகு அந்த மனிதர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு முன்னாலும் பேசியதில்லை என்பதால் நஷ்டக் கணக்கில் எதையும் எழுதவில்லை.

முதலில் என் தொழில். மில் எஞ்சினியர் என்றால் எல்லோரும் பெரிய சக்கரங்களுக்கு நடுவில் எண்ணெய்க் கறையோடு நிற்கிற ஆளைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். நான் நின்றது கஞ்சிக்கு நடுவில். தறிக்குப் போவதற்கு முன் பாவு நூலைக் கஞ்சியில் முக்கி, உள்ளே நீராவி ஓடுகிற பெரிய உருளைகளின் மேல் செலுத்திக் காயவைக்க வேண்டும். கஞ்சி குறைந்தால் தறியில் நூல் அறுந்துபோகும். கூடினாலும் அறுந்துபோகும். எல்லாம் சரியாக இருந்து அவசரத்தில் காயவைத்தால் நூலின் மேல் கஞ்சி பொருக்குப் பொருக்காக வெடித்து, அப்போதும் அறுந்துபோகும். பட்டணத்தில் படித்த படிப்பும், பிரெஞ்சுக்கார மேலாளரிடம் "வுய் முசியே" என்று தலையாட்டி வாங்கிக் கட்டிக்கொண்ட வசவும் சேர்ந்து எனக்குக் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்.

பெண் பார்க்கப் போன அன்றே அவள் அண்ணன் இதை விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தார். காப்பி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்த பெண்களுக்குக் கேட்கிற மாதிரி, "எஞ்சினியருன்னாங்க. கஞ்சி காய்ச்சறாராமே?" என்றார். நான் அந்தக் காப்பியைக் குடித்து முடித்தபோது எங்களுக்குள் பகை உறுதியாகிவிட்டது. கல்யாணம் அதற்கப்புறம்தான் உறுதியாயிற்று.

மச்சான் முத்தியால்பேட்டையில் இருந்தார். பரம்பரை வாணக்காரர். பிரெஞ்சுக்காரர் இருந்தவரை ஜூலை பதினாலு, அவர்கள் தேசியத் திருநாளுக்கு, அவர் குடும்பத்து வாணம்தான் கடற்கரையில் மேலே போகும். ஐம்பத்து நாலில் அவர்கள் கொடியை இறக்கிவிட்டுக் கிளம்பியபோது புதுக் கொடியை வரவேற்றுப் போனதும் அதே வாணம்தான். கொட்டகையில் மிச்சம் இருந்ததை விட்டார் என்று நான் வீட்டில் சொன்னதற்கு ஒரு வேளை சோறு கிடைக்கவில்லை.

ஆனால் அரசாங்கம் எதுவானாலும் மச்சானுக்கு ஒன்றுதான் பெருமை. மாசி மகத்துக்கு அந்தப் பேட்டைக் கோயில் சாமி கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போகும். முந்தின நாள் அந்தியில் புறப்பாடு. பல்லக்கைத் தோளில் வைப்பதற்கு முன் ஒரு வாணம் விட வேண்டும். அது மேலே போய் வெடித்த பிறகுதான் சாமி நகரும். அந்த வாணத்தை விடுகிற உரிமை அவர் குடும்பத்துக்கு. சாமிக்கு முன்னால் நடக்கிற முதல் ஆளும் அவரே. ஊரில் அவருக்கு வேறு சொத்து இல்லை, அதனால் அதை அவர் ராஜ்யம் மாதிரி ஆண்டுகொண்டிருந்தார்.

ஐம்பத்தேழு மாசி மகத்தில் அந்த ராஜ்யம் ஆட்டம் கண்டது. முதல் வாணம் நட்டுவைத்த இடத்திலேயே வெடித்தது. மாற்றுக்கு வைத்திருந்தது படுக்கை வாட்டில் பறந்து டீக்கடைக் கூரையில் போய்ச் சொருகிக்கொண்டது. கூரையை அணைத்து, மூன்றாவதாக ஒன்று எப்படியோ தென்னை உயரம் போய்ப் புஸ்ஸென்று அடங்குவதற்குள் மேளக்காரர் ஓய்ந்துபோனார், பல்லக்குத் தூக்கிகள் உட்கார்ந்துவிட்டார்கள். "சாமிய நிக்க வெச்சிட்டான்" என்பது அந்த வருஷம் முழுக்க அவருக்குப் பின்னாலேயே நடந்துவந்தது.

விழாக் குழுத் தலைவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இவர் சைகோனில் பீரங்கிப் படையில் இருந்தவர். அதனால் வெடிக்கிற எந்தப் பொருளைப் பற்றியும் அவரிடம் ஒரு கருத்து இருக்கும். அவர் மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வர்ற மாசிக்கு ஒரே வாணம். மாத்து கீத்து கெடையாது. நேரா போவணும். போவலன்னா அதுக்கப்புறம் கடலூர்க்காரன் வந்து வுடுவான். நீ கும்பலோட நின்னு வேடிக்க பாரு."

நடுவில் ரஷ்யாக்காரன் வானத்துக்கு நாயை அனுப்பித் தொலைத்தான். கூரை எரிந்த டீக்கடைக்காரருக்குப் பேச வேறு விஷயமே இல்லாமல் போயிற்று. மச்சான் தெருவில் தலைகாட்டினால் போதும், "நாயி சந்திரனுக்கே போயிடும் போல. நம்மாளு வாணம் நம்ம கடைக்குத்தாம்பா வருது. பழகிடுச்சி" என்பார்.

என் மனைவி அண்ணனுக்காக அழுதாள். எனக்கு வேறு கவலை. உரிமை போனால் மச்சானை யாரும் வாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், பிழைப்புக்கு மில்லுக்குத்தான் வர வேண்டும், சிபாரிசு நான்தான் செய்ய வேண்டும். அவர் எனக்குக் கீழே நின்று கஞ்சி கிளறுகிற காட்சியை ஒருநாள் முழுக்கச் சுவைத்துப் பார்த்தேன். மறுநாள்தான், அப்படியானால் தினமும் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்பது உறைத்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

கொட்டகை ஊருக்கு வெளியே, கதிர்காமம் போகிற வழியில் ஒரு முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது. மச்சான் வாசலில் நின்றார்.

"வாங்க மாப்ள. பீடி கீடி இருந்தா வெளியிலயே போட்டுட்டு வாங்க."

"எனக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லியே மச்சான்."

"தெரியும். அதச் சொல்லியாவது வெளியில நிறுத்தலாமான்னு பாத்தேன்."

உள்ளே நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவியும் கூலிக்கு வந்த ஒரு பெண்ணும் உட்கார்ந்து, கஞ்சி விட்டுப் பிசைந்த மருந்தைக் குழல்களில் போட்டுக் கட்டையால் கெட்டித்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சி என்றதும் என் காது நிமிர்ந்தது. கெட்டித்து முடித்த வாணங்கள் வெளியே பாயில், நல்ல உச்சி வெயிலில், அப்பளம் மாதிரி காய்ந்துகொண்டிருந்தன. போன வருஷத்து வாணம் ஒன்று மழையில் காகிதம் பிரிந்து மூலையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். உள்ளே மருந்து, கோடையில் வற்றிய ஏரி மண் மாதிரி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பரிச்சயமான ஒன்றை அவ்வளவு அந்நியமான இடத்தில் நான் பார்த்ததில்லை.

"மச்சான், ஈரமா கெட்டிச்சி வெயில்ல போட்டா மேல உடனே காஞ்சிடும். உள்ள ஈரம் நிக்கும். அப்புறம் உள்ள காயறப்ப சுருங்கி வெடிப்பு வுடும். நெருப்பு கீழேர்ந்து மெதுவா ஏறாம இந்த வெடிப்புக்குள்ள பூந்துடுது. எல்லாம் ஒண்ணா பத்திக்கிது. அதான் நின்ன எடத்துலயே வெடிச்சிருக்கு."

"இத யாரு சொன்னாங்க?"

"பாவு நூலும் இப்படித்தான் மச்சான். கஞ்சி போட்டு அவசரமா காய வெச்சா..."

"நூலு." அவர் கூலிப் பெண்ணைப் பார்த்தார். "கேட்டுக்கம்மா. வாணத்த எப்பிடிச் செய்யறதுன்னு நூலு சொல்லுதாம். எங்கப்பா காலத்திலேர்ந்து வெயில்லதான் காயுது. அப்பல்லாம் மேல போச்சே, அது எப்பிடி?"

"அவரு மார்கழியிலயே கெட்டிச்சி வெச்சிடுவாரு. பனிக் காலம். தானா மெதுவா காயும். நீங்க கட்சிக் கூட்டத்துக்கெல்லாம் வெடி குடுத்துட்டு, மகம் நெருங்கினதும் ஓடியாந்து கெட்டிக்கிறீங்க."

"இது நூலு சொன்னதில்ல. எந்தங்கச்சி சொன்னது."

அவர் மனைவி கட்டையைக் கீழே வைத்தார். "தம்பி சொல்றத ஒண்ணு ரெண்டுல பாத்துட்டாத்தான் என்னா? நெழல்ல போட்டா குறைஞ்சா பூடும்?"

"நீ கெட்டி."

அக்கா கெட்டித்தார். அத்தோடு சிலதை எடுத்து முந்திரி நிழலில் போட்டு ஓலையால் மூடியும் வைத்தார். அதை மச்சான் பார்க்கவில்லை என்று எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

அவை காய்ந்த பிறகு ஒரு மாலையில் தோப்புக்குள் விட்டுப் பார்த்தார்கள். வெயிலில் காய்ந்தது இடுப்பு உயரத்தில் வெடித்து முந்திரிக் கிளை ஒன்றை முறித்தது. நிழலில் காய்ந்தது சத்தமில்லாமல் சீறி, பனைகளைத் தாண்டிப் போய்க் கண்ணுக்கு மறைந்துவிட்டது. மச்சான் மேலேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்குக் காத்து இல்ல" என்றார். பிறகு போய்ப் பாய்களை ஒவ்வொன்றாக நிழலுக்கு இழுத்தார். நானும் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். பாயை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு யோசனை பலித்த எஞ்சினியரைப் போல ஆபத்தான ஜந்து கிடையாது. அவனுக்கு இரண்டாவது யோசனை வரும்.

மில்லில் கஞ்சி வெடிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் கொழுப்பு சேர்ப்போம். நூல் வளைந்து கொடுக்கும். எல்லா மில்லிலும் உள்ள வழக்கம். நூலுக்கு நல்லது வாணத்துக்கும் நல்லதுதானே? மறுவாரம் ஒரு டின்னில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மூடியைத் திறந்து, "அக்கா, சாமிக்கு விடற வாணத்துக்குக் கெட்டிக்கும்போது இதுல ஒரு கரண்டி" என்று ஆரம்பித்தேன்.

அக்கா முகத்தைச் சுளித்தார். "இன்னா தம்பி, வாட ஒரு மாதிரியா அடிக்குது?"

வகுப்பில் கேள்வி கேட்ட மாணவனைப் பார்க்கிற பூரிப்போடு சொன்னேன்: "மாட்டுக் கொழுப்புக்கா. ஆட்டுக் கொழுப்பவிட இது நல்லா எளகும்."

கட்டைச் சத்தம் நின்றது. கூலிப் பெண் எழுந்து நின்று இரண்டு கையாலும் சேலையில் எதையோ துடைத்தாள். அவள் மேல் எதுவும் பட்டிருக்கவில்லை. தோட்டாவில் தடவிய கொழுப்புக்காக வடக்கே சிப்பாய்கள் ஒரு சாம்ராஜ்யத்தையே உலுக்கிய கதையை நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அதற்கு நூறு வருஷம் ஆயிற்று என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியதையும் விடாமல் படித்தவன். அந்தப் படிப்பெல்லாம் தலையில் ஒரு மூலையில் இருந்தது. டின் கையில் இருந்தது. இரண்டுக்கும் அறிமுகம் ஆகவில்லை.

மச்சான் மெதுவாகத்தான் பேசினார். "சாமிக்கு வுடற வாணத்துல."

"கலக்கல மச்சான். காட்டத்தான்..."

"மூடு. எடுத்துக்க. கெளம்பு." அத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டாவது போட்டுவந்த 'ங்க' அன்றோடு போயிற்று. "ஒங்கொழுப்ப ஒம்மில்லுலயே வெச்சிக்க."

நான் உழவர்கரையைச் சுற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்வதற்குள் அந்தக் கூலிப் பெண் குறுக்கு வழியில் வந்து சேர்ந்துவிட்டாள். டின்னாகக் கிளம்பிய சேதி டீக்கடையில் குடமாகி, குழாயடியில் முழு மாடாகியிருந்தது. சாமி வாணத்துக்குள் மாட்டையே வைத்துத் திணித்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் எனக்குத் தனி கிளாஸ் எடுத்து வைத்தார். எனக்கு முன்னாலேயே அதை வாசலில் கவிழ்த்தும் வைத்தார். குழாயடியில் என் மனைவி குடத்தை வைத்தால் அடுத்த குடம் இரண்டடி தள்ளிப் போயிற்று. அவள் தண்ணீர் இல்லாமல் திரும்பி வந்து, "எங்கண்ணன் உரிமைய மீட்டுத் தரேன்னுதானே போனீங்க? கொள்ளி வெச்சிட்டு வந்திருக்கீங்க" என்றாள். நான் கொழுப்பின் இளகும் தன்மையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மகத்துக்கு முந்தின நாள் அந்தி. நான் வர வேண்டாம் என்று மனைவி சொன்னாள். மில்லில் ஷிப்டு முடித்துவிட்டு, கூட்டத்தின் கடைசியில் ஒரு கடைப் படியோரம் நின்றேன். தெருவில் வழக்கமான கலகலப்பு இல்லை. பல்லக்கு தயாராக இருந்தது. மூங்கில் கட்டி அதில் ஒரே ஒரு வாணத்தைச் சாத்தியிருந்தார்கள். மச்சான் தலைப்பாகையோடு பக்கத்தில் நின்றார். குனிந்து திரியில் நெருப்பு வைத்தார். பின்னால் யாரோ, "மாடு கத்தப் போவுது, காதப் பொத்திக்க" என்றான்.

வாணம் சீறிக்கொண்டு கிளம்பிற்று. கோடு கிழித்தது போல நேராக ஏறி, கோபுரத்தைத் தாண்டி, அதற்கும் மேலே போய், இன்னும் போகுமோ என்று கழுத்து வலித்த நேரத்தில் வெடித்துப் பொரிப் பொரியாக இறங்கிற்று. அப்படி ஒரு வாணத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை. ஒளிந்து நின்றவன் கடைப் படியின் மேல் ஏறி நின்றேன். அதற்குப் பெருமை என்று பேர் என நினைக்கிறேன், எனக்கு அதிகம் பழக்கமில்லை. மேளம் பிடித்துக்கொண்டது. பல்லக்குத் தூக்கிகள் குனிந்தார்கள்.

சொல்தா கையைத் தூக்கினார். "நில்லு."

மேளம் நின்றது.

"வாணம் நல்லாத்தான் போச்சி. எதுல போச்சின்னு தெரியணும். நானும் சைகோன்ல பீரங்கி பாத்தவன். போன வருசம் கூரைக்குப் போனது இந்த வருசம் இவ்ளோ நேரா எப்பிடிய்யா போவும்? கொழுப்பு இருந்துச்சா, இல்லியா?"

"இல்ல" என்றார் மச்சான்.

"ஒந்தங்கச்சி புருசன் ஒங்கொட்டாய்க்கு வந்து கை வெச்சான்னு ஊரே சொல்லுது. அவன் கை வெச்சிருந்தா என்னாத்தக் கலந்தான்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்? நீ பாத்துக்கிட்டே இருந்தியா?"

பீரங்கிப் படையில் தர்க்கமும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திக் கொண்டுவந்தார்கள். "அவன் கை பட்ட வாணம்னா, இதோட ஒன்னோட உரிம முடிஞ்சிச்சி. படலன்னா கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணு."

கொழுப்புக் கலக்கவில்லை என்று மட்டும் சத்தியம் செய்ய விட்டிருந்தால் உண்மையே போதுமானதாக இருந்திருக்கும். கேள்வி அதுவல்ல என்று ஆகிவிட்டது. மச்சான் சாமியைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் நெருப்பின் மேல் ஓங்கி அடித்தார். "எந்தங்கச்சி புருசன் எங்கொட்டாய்க்குள்ள காலே வெக்கல."

"எஞ்சினியரு எங்கடா?" என்றார் சொல்தா.

எனக்குத் தெரியாத கைகள் எல்லாம் என்னைத் தெரிந்துவைத்திருந்தன. செருப்பைக் கழற்றக்கூட விடாமல் தள்ளிக்கொண்டுபோய்ப் பல்லக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். செருப்பைக் கழற்றாததற்கு இன்னொரு வசவு விழுந்தது.

"தம்பி, நீ கொட்டாய்க்குப் போனியா?"

மச்சான் என்னைப் பார்த்தார். அதில் கெஞ்சல் ஒரு பொட்டுகூட இல்லை. சொல்லித்தான் பாரேன் என்கிற மாதிரி இருந்தது. நான் நினைத்தால் ஒரே வாக்கியத்தில் அவரைப் பொய்ச் சத்தியக்காரனாக்கிவிடலாம், அந்த வாணம் யாருடைய மூளை என்பதையும் தெருவுக்குத் தெரிவித்துவிடலாம். அப்படி ஒரு வசதி எனக்கு அதற்கப்புறம் வாழ்க்கையில் வாய்க்கவில்லை. பெண்கள் பக்கத்தில் என் மனைவி முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பதும், அக்கா அந்தக் கூலிப் பெண்ணை வாய் திறக்க விடாமல் கையைப் பிடித்து வைத்திருப்பதும் தெரிந்தது.

"எனக்கு மில்லுல ஷிப்டு. நான் எங்க போறது கொட்டாய்க்கு?"

"அப்ப டின்னு?"

"மில்லுக்கு எடுத்துக்கிட்டுப் போனது. வழியில அக்காவப் பாத்தேன். ரெண்டு வார்த்த பேசிட்டு நின்னேன், அவ்ளோதான்."

சொல்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கு வாணத்தப் பத்தி என்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"சத்தமா சொல்லு. பின்னாடி கேக்கல."

"எனக்கு வாணத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்று கத்தினேன்.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, பின்வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. டீக்கடைக்காரர் குரல், "அதான் எங்களுக்குத் தெரியுமே" என்றது. சொல்தாவும் சிரித்துவிட்டார். கையை இறக்கினார். மேளம் எழுந்தது. பல்லக்கு தோளுக்கு ஏறிற்று.

மச்சான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்றார். போகிற வழியில் என் தோளை உரசிக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார்:

"ஷிப்டுன்னதோட வாய மூடியிருக்கலாம். எம்பொண்டாட்டிய எதுக்குடா நடுத்தெருவுல இழுத்த?"

பிறகு நெருப்பில் அடித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சாமிக்கு முன்னால், முதல் ஆளாக, கடலைப் பார்த்து நடந்தார்.